தூக்கம் கெட்டு, மனம் சோர்ந்து, மறதியும் சேர்ந்தால்: எங்கிருந்து தொடங்குவது?

தூக்கம் வராததால் மனம் சோர்ந்ததா, மனம் சோர்ந்ததால் தூக்கம் போனதா? பலர் இந்தக் கேள்வியிலேயே மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். விடை தெரிந்த பிறகுதான் வைத்தியம் தொடங்க வேண்டும் என்றில்லை. மனச்சோர்வு வந்தவர்களில் பெரும்பாலானோருக்குத் தூக்கம் கெடுகிறது. மனச்சோர்வே இல்லாமல் தூக்கமின்மை மட்டும் உள்ளவர்களுக்கோ, பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு நன்றாகத் தூங்குபவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று 2011-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. மாத்திரையால் மனம் தேறிய பிறகும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் தொல்லைகளில் முக்கியமானது தூக்கமின்மை. அது தங்கிவிட்டால் மனச்சோர்வு திரும்பவும் எட்டிப் பார்க்கும். அதனால் இரண்டையும் தனித்தனி நோயாக எண்ணி, ஒரே நேரத்தில் கவனிப்பதே இன்றைய மருத்துவ வழக்கம்.

இங்கே சொல்லும் முறைக்குத் தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர், சுருக்கமாக சிபிடி-ஐ (CBT-I). நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பே இதைத்தான் முயல வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-ல் பரிந்துரைத்தது. ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். முதல் இரண்டு வாரம் சுகமாக இருக்காது.

தனியாக இறங்கக் கூடாதவர்கள்

வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா? அப்படியானால் இந்த வழிகாட்டியை இங்கேயே நிறுத்திவிட்டு இன்றைக்கே யாரிடமாவது பேசுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண் இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. இலங்கையில் 1926.

முன்பு எப்போதாவது இரண்டு மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லாமல், பேச்சும் செலவும் கட்டுக்கடங்காமல் போன நாட்கள் இருந்திருந்தால், அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அவர்களுக்குத் தூக்க நேரத்தைக் குறைப்பது மனவெழுச்சி நிலையைக் கிளப்பிவிடும். வலிப்பு நோய் உள்ளவர்கள், தூக்கத்தில் எழுந்து நடப்பவர்கள், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவர்கள் ஆகியோரும் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தொடங்கக் கூடாது. பேருந்து, லாரி ஓட்டுபவர்களும் உயரத்திலோ இயந்திரத்திலோ வேலை செய்பவர்களும் அப்படியே. பிரசவமாகிச் சில மாதங்களே ஆன தாய்மார்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு வேண்டியது இரவில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள்.

தூக்கக் கலக்கமா, வெறும் அசதியா?

இந்த ஒரு வேறுபாட்டைப் பிரித்துப் பார்த்தாலே பாதி குழப்பம் தீரும். மதியம் ஒரு மணிக்கு இருட்டறையில் படுக்க விட்டால் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுவீர்களா? அல்லது உடம்பு அடித்துப்போட்டது போல இருந்தும் கண் மட்டும் மூடாதா?

இரண்டாவதுதான் தூக்கமின்மையின் அடையாளம். மூளை பகலிலும் இரவிலும் ஒருவித எச்சரிக்கை நிலையிலேயே இருக்கிறது. முதல் வகையினர் தூங்கப் போதிய நேரம் ஒதுக்காதவர்களாக இருக்கலாம். இல்லையென்றால் ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருக்கலாம். பலத்த குறட்டை, காலைத் தலைவலி, இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவது, 40 சென்டிமீட்டரைத் தாண்டிய கழுத்துச் சுற்றளவு, ரத்த அழுத்தம் ஆகியவை சேர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது. உற்சாகமின்மை, எரிச்சல், மறதி என்று மனச்சோர்வின் அறிகுறிகளையே ஆப்னியாவும் காட்டும். மனச்சோர்வு மாத்திரை மாற்றி மாற்றிச் சாப்பிட்டும் தேறாதவர் குறட்டை விடுபவராக இருந்தால், ஓர் இரவுத் தூக்கப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யும்படி மருத்துவரிடம் கேட்பது வீண்போகாது.

இன்னொரு கூட்டம் உண்டு, பெரும்பாலும் இளைஞர்கள். இரவு மூன்று மணிக்குத்தான் தூக்கம் வரும். ஆனால் விட்டால் காலை பதினொன்று வரை அருமையாகத் தூங்குவார்கள். இது தூக்கமின்மை இல்லை, உடல் கடிகாரம் பின்னால் தள்ளிப்போயிருக்கிறது. அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவர்களிடமும் இதைப் பார்க்கலாம். இவர்களுக்குப் படுக்கை நேரத்தைக் குறைப்பது மருந்தாகாது. காலை வெளிச்சமும், எழும் நேரத்தைச் சிறிது சிறிதாக முன்னுக்குக் கொண்டுவருவதும்தான் வழி.

எந்த நேரத்தில் தூக்கம் உடைகிறது என்பதும் ஒரு குறிப்பு தரும். படுத்ததும் தூக்கம் வராமல் இருப்பது பதற்றத்தோடு அதிகம் சேரும். வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாகவே விழிப்பு வந்து, விடியற்காலையில் மனம் மிகக் கனத்து, மாலையில் கொஞ்சம் லேசாவது கடுமையான மனச்சோர்வின் பழைய அடையாளம். இதை வைத்து நோயை முடிவு கட்டிவிட முடியாது. மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள், அவ்வளவுதான்.

இரண்டு வார தூக்கக் குறிப்பு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்குள் இவற்றை எழுதுங்கள்: படுக்கைக்குப் போன நேரம், விளக்கணைத்த நேரம், தூங்கியிருப்போம் என்று தோன்றும் நேரம், நடுவில் விழித்திருந்த மொத்த நிமிடம், கடைசியாக விழித்த நேரம், படுக்கையை விட்டு எழுந்த நேரம். மாலையில் மூன்று வரி: குட்டித் தூக்கம் எத்தனை நிமிடம், கடைசி காபி அல்லது டீ எப்போது, அன்றைய மனநிலைக்குப் பத்துக்கு எவ்வளவு மதிப்பெண்.

இரவில் மணி பார்க்காதீர்கள். உத்தேசக் கணக்கே போதும். மணி பார்த்ததும் "இன்னும் மூன்று மணி நேரம்தான் இருக்கு" என்ற கணக்கு மனதில் ஓடும். அதன்பின் தூக்கம் வராது. ஸ்மார்ட் வாட்ச் காட்டும் ஆழ்ந்த தூக்கத்தின் நிமிடங்களையும் நம்பி அலட்டிக்கொள்ள வேண்டாம். அசையாமல் விழித்துக் கிடப்பதைத் தூக்கம் என்று அது எண்ணிக்கொள்வது சகஜம்.

இப்போது கணக்கு. ஒருவர் 10.30-க்குப் படுத்து, 12.15-க்குத் தூங்கி, நடுவில் 45 நிமிடம் விழித்து, 5.30-க்கு விழிப்பு வந்தும் 7 மணி வரை புரண்டுகொண்டிருக்கிறார் என்று வையுங்கள். படுக்கையில் கழித்தது 8½ மணி நேரம். தூங்கியது 4½ மணி நேரம். தூங்கிய நேரத்தைப் படுக்கை நேரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் 53 சதவீதம். இதற்குத் தூக்கத் திறன் என்று பெயர். 85-க்கு மேல் இருந்தால் நல்லது. இந்த எண்ணையும் தூங்கிய நேரத்தின் சராசரியையும் ஒவ்வொரு வாரமும் எழுதி வையுங்கள். அடுத்த வேலை முழுக்க இவற்றை நம்பித்தான்.

மனநிலைக்கு ஓர் அளவுகோல்

பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் தமிழிலும் உண்டு. கடந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாள் இருந்தது என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தைத் தொட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது பொது விதி.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ஒன்பது கேள்விகளில் தூக்கம், அசதி, கவனக்குறைவு ஆகிய மூன்றும் உண்டு. வெறும் தூக்கமின்மை உள்ளவர்கூட இந்த மூன்றிலேயே ஒன்பது மதிப்பெண் எடுத்துவிடலாம். ஆகவே மொத்தத்தை மட்டும் பார்க்காமல் முதல் இரண்டு கேள்விகளைத் தனியாகப் பாருங்கள்: எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனதா, மனம் துவண்டு நம்பிக்கையற்று இருந்ததா? இந்த இரண்டின் கூட்டல் மூன்று அல்லது அதற்கு மேல் என்றால் மனச்சோர்வுக்கு முறையான சோதனை தேவை. கடைசிக் கேள்வி சாவைப் பற்றியது. அதில் சுழியத்தைத் தவிர எந்த விடை வந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு, ஹீமோகுளோபின், பெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), பி12, சர்க்கரை ஆகிய ஐந்தும் போதும். மாலையானால் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது, எழுந்து நடந்தால் சரியாகிறது என்பவர்களுக்குப் பெரிட்டின் அவசியம். இரும்புச்சத்துக் குறைவால் வரும் கால் தவிப்பு நோய் தூக்கத்தைத் தின்னும். நம் பெண்களிடம் இரும்புச்சத்துக் குறைவு எவ்வளவு சாதாரணம் என்பது தெரிந்ததே.

மறதி எங்கிருந்து வருகிறது?

தூக்கம் குறைந்தால் முதலில் அடிபடுவது நினைவு இல்லை, கவனம். சில நொடிகள் மூளை நழுவிப்போகும்; அந்த நொடியில் சொன்னது காதில் விழுந்திருக்கும், உள்ளே பதிந்திருக்காது. பதியாததை நினைவுகூர முடியாது என்பதால் அது மறதி போலத் தெரிகிறது. பகலில் கற்றது நிலைபெறுவது பெரும்பாலும் இரவில், ஆழ்ந்த தூக்கத்தில். அதுவும் குறைவதால் அடி இரட்டிப்பாகிறது. 2003-ல் நடந்த ஓர் ஆய்வில், இரண்டு வாரம் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனத்திறன், ஓரிரண்டு இரவு கண்ணே மூடாதவர்கள் அளவுக்குச் சரிந்தது. அதைவிட முக்கியம், சரிந்தது அவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. "எனக்கு அஞ்சு மணி நேரம் போதும்" என்பவர்களின் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாதது இதனால்தான்.

நாட்பட்ட தூக்கமின்மையில் நிலைமை சற்று வேறு. சோதனையில் தெரியும் குறைவு லேசானது அல்லது நடுத்தரமானது. ஆனால் நோயாளி உணர்வது அதைவிட அதிகம். மனச்சோர்வு சேர்ந்தால் யோசனை மெதுவாகிறது, எந்தப் புடவை எடுப்பது என்பதுகூட முடிவெடுக்க முடியாத காரியமாகிறது, நினைவில் வருவதெல்லாம் கசப்பானவையாக இருக்கின்றன. அறுபதைத் தாண்டியவர்களுக்கு இது வரும்போது வீட்டில் எல்லோரும் டிமென்ஷியா என்று பயந்துவிடுகிறார்கள். உதவும் ஒரு குறிப்பு: மனச்சோர்வில் நோயாளியே "எனக்கு எதுவும் ஞாபகமில்லை" என்று புலம்புவார், கேள்வி கேட்டால் "தெரியலை" என்று விட்டுவிடுவார். டிமென்ஷியாவில் பெரும்பாலும் வீட்டார்தான் புகார் சொல்வார்கள், அவர் எதையாவது சொல்லிச் சமாளிப்பார். இது வீட்டில் வைத்து முடிவு செய்யும் விஷயமில்லை, இரண்டும் சேர்ந்தும் வரும். ஆனால் தூக்கத்தையும் மனச்சோர்வையும் கவனிக்காமல் எடுத்த நினைவுச் சோதனையின் விடையை இறுதியாகக் கொள்ளக் கூடாது. இரண்டும் தேறி ஆறு வாரம் கழித்து மறுபடி சோதிப்பது நல்லது.

படுக்கை நேரத்தைச் சுருக்குவது

தூக்கம் போதவில்லை என்றால் சீக்கிரமே போய்ப் படுக்கத்தான் மனம் சொல்லும். அங்கேதான் கோளாறு. நான்கரை மணி நேரத் தூக்கத்தை எட்டரை மணி நேரப் படுக்கையில் பரப்பினால் அது கிழிசலாகத்தான் இருக்கும். அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1980-களில் வகுத்த முறை இதற்கு நேர்மாறானது: தூங்கும் நேரத்துக்கு ஏற்பப் படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைத்துவிட வேண்டும். விழித்திருக்கும் நேரம் நீள நீள, மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து தூக்க அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தைக் கூட்டுவதுதான் நோக்கம்.

முதலில் எழும் நேரத்தை முடிவு செய்யுங்கள். வாரத்தில் ஏழு நாளும் ஞாயிறு உட்பட அதே நேரம். பிறகு இரண்டு வாரக் குறிப்பின் சராசரித் தூக்க நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது 5 மணி 15 நிமிடம் என்றால் 5½ மணி நேரம் என்று வையுங்கள். காலை 5.30-க்கு எழுவதானால் இரவு 12 மணிக்கு முன் படுக்கக் கூடாது. சராசரி எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே இறக்கவே கூடாது. முதியவர்களுக்கும் மனச்சோர்வு அதிகமாக உள்ளவர்களுக்கும் ஒரேயடியாகக் குறைக்காமல் வாரம் அரை மணி நேரம் என்று குறைத்துக்கொண்டு வருவது பாதுகாப்பு.

வாரக் கடைசியில் திறனைக் கணக்கிடுங்கள். 5½ மணி நேரத்தில் 4 மணி 50 நிமிடம் தூங்கியிருந்தால் 88 சதவீதம். படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னுக்குக் கொண்டுவரலாம், 11.45. திறன் 80-க்கும் 85-க்கும் இடையில் இருந்தால் அப்படியே விடுங்கள். 80-க்குக் கீழே போனால் 15 நிமிடம் குறையுங்கள். பகலில் தெளிவாக இருக்கும் நிலை வரும்வரை வாரம் 15 நிமிடமாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும்.

ஆறு மணி நேரத் தூக்கமே கவனத்தைக் கெடுக்கிறது என்று சொல்லிவிட்டு ஐந்தரை மணி நேரம் படு என்பது முரணாகத் தோன்றும். இங்கே வெட்டுவது முக்கியமாக விழித்துக் கிடக்கும் நேரத்தை, அதுவும் சில வாரங்களுக்கு. ஆனாலும் முதல் இரண்டு வாரம் கவனம் இன்னும் மங்கும், எரிச்சல் கூடும். அந்த நாட்களில் இருசக்கர வாகனத்தில் நீண்ட தூரம் போகாதீர்கள், தேர்வு இருந்தால் தொடங்காதீர்கள். மனநிலை மதிப்பெண் தொடர்ந்து மூன்று நாள் சரிந்தால் படுக்கை நேரத்தை அரை மணி கூட்டிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பெரும்பாலானோர் விட்டுவிடுவது முதல் வாரத்தின் கடைசியில். காரணம் ஒன்றே: இரவு 9 முதல் 12 வரை என்ன செய்வது என்று திட்டமிடாதது. டிவி முன் சோபாவில் சாய்ந்தால் பத்தரைக்கே அரை மணி நேரத் தூக்கம் போய்விடும். நாள் முழுக்கச் சேர்த்த அழுத்தம் அங்கேயே செலவாகிவிடும். உட்கார்ந்து செய்யும் வேலை வேண்டாம். துணி மடிப்பது, மறுநாள் காய் நறுக்குவது, நின்றுகொண்டு செய்யும் ஏதாவது. வீட்டில் இன்னொருவரிடம் சொல்லி வையுங்கள்.

படுக்கை விதிகள், ஒரே அறை வீட்டிலும்

அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-ல் சொன்னது: படுக்கை தூங்குவதற்கும் தாம்பத்தியத்துக்கும் மட்டும். கண் செருகும்போதுதான் படுப்பது. கால் மணி நேரம் போனது போலத் தோன்றியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்துக்குப் போவது. மறுபடி கண் செருகினால் திரும்புவது.

தனிப் படுக்கையறை இல்லாத வீட்டில் என்ன செய்வது? ஹாலில் எல்லோரும் வரிசையாகப் படுத்திருக்கையில் நடு இரவில் விளக்குப் போட முடியாது. பாயில் படுப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: பாயைச் சுருட்டி வைத்துவிடலாம். பகலில் விரித்தே வைக்காதீர்கள். விழிப்பு வந்தால் பாயை விட்டு எழுந்து சுவரோரம் ஒரு நாற்காலியில், மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். கட்டில் என்றால் குறைந்தபட்சம் தலையணையை நிறுத்தி நிமிர்ந்து உட்காருங்கள். போன் மட்டும் கையில் வேண்டாம். அதன் வெளிச்சத்தைவிட அதில் வரும் செய்திதான் ஆளை எழுப்பிவிடுகிறது.

கவலைகளுக்கு மாலையிலேயே நேரம் ஒதுக்குங்கள். ஏழு மணிவாக்கில் இருபது நிமிடம்: கடன், வேலை, மகன் படிப்பு, எதுவானாலும் இடப்பக்கம் எழுதி, நாளை செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தை வலப்பக்கம் எழுதி நோட்டை மூடிவிடுங்கள்.

வெயில் காலத்தில் படுப்பதற்கு ஒன்று இரண்டு மணி நேரம் முன் வெதுவெதுப்பான நீரில் குளிப்பது உதவும்; தோலுக்கு ரத்தம் வந்து உள்சூடு வெளியேறும். காபியில் உள்ள காஃபினில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். மாலை ஆறு மணி பில்டர் காபியை மதியம் இரண்டுக்கு முன்னால் தள்ளுங்கள், டீயையும். மது சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவைக் கெடுக்கும்.

பகல்

எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி நேரம் வெளியில் இருங்கள். மேகமூட்டமான நாளில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். டியூப்லைட் எரியும் அறையில் சில நூறுதான். மொட்டை மாடியில் நடந்தாலும் சரி. மனச்சோர்வு உள்ளவர்களுக்குத் தோன்றும்போது செய்யலாம் என்று விட்டால் நாளே போய்விடும். எனவே ஒவ்வொரு நாளும் ஒரு சிறு காரியத்தை நேரத்தோடு எழுதி வைத்து, மனம் வந்தாலும் வராவிட்டாலும் செய்வது. குட்டித் தூக்கம் தவிர்க்க முடியாவிட்டால் மதியம் மூன்றுக்கு முன் இருபது நிமிடம், அலாரம் வைத்து.

ஓர் இரவு முழுக்க விழித்திருந்தால் மனச்சோர்வு உள்ளவர்களில் பாதிப் பேருக்காவது மறுநாள் மனம் தெளிகிறது என்பது 1970-களிலிருந்தே தெரிந்த விசித்திரம். தூங்கி எழுந்ததும் பெரும்பாலானோருக்குப் பழைய நிலை திரும்பிவிடும். வீட்டில் செய்து பார்க்கும் சோதனை இல்லை.

மாத்திரைகள்

மனச்சோர்வு மாத்திரையை இதற்காக நிறுத்தாதீர்கள். புளூவாக்செட்டின் போன்றவை சிலருக்குத் தூக்கத்தைக் கலைக்கும், காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். மிர்டாசபின் தூக்கம் தரும், எடையும் ஏற்றும். மனம் தேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம்.

அல்பிரசோலாம், குளோனசெபாம், சோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரை வகைகள் சில வாரங்களுக்கு உதவும். மாதக்கணக்கில் போனால் பழகிவிடும், நினைவை மங்கச் செய்யும், முதியவர்களைக் கீழே விழ வைக்கும். நெடுநாள் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான் குறைக்க வேண்டும். சளி, அரிப்புக்குத் தரும் பழைய அலர்ஜி மாத்திரையைத் தூக்கத்துக்கென்று வாங்கிப் போடும் வழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. வயதானவர்களுக்கு அது குழப்பத்தையும் மறதியையும் கூட்டும்.

சிபிடி-ஐ மனச்சோர்வுக்கு எந்த அளவு உதவும்? 60 வயதைத் தாண்டிய, தூக்கமின்மை உள்ள 291 பேரை மூன்றாண்டு தொடர்ந்து கவனித்து 2022-ல் வெளியான ஆய்வில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 12.2 சதவீதத்தினருக்கும், தூக்கம் பற்றிய பாடம் மட்டும் கேட்டவர்களில் 25.9 சதவீதத்தினருக்கும் மனச்சோர்வு வந்தது. தடுப்பதில் பலன் தெளிவு. ஏற்கெனவே வந்துவிட்ட மனச்சோர்வைத் தீர்ப்பதில் ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. தூக்கம் பெரும்பாலானோருக்குத் தேறும், மனநிலைக்குத் தனிச் சிகிச்சை தேவைப்படலாம்.

மறுபடி கெட்டால்

காய்ச்சல், துக்கம், ஊர்ப் பயணம் என்று ஏதாவது ஒன்று வந்து தூக்கத்தை உடைக்கும். இரண்டு மூன்று இரவுக்கு ஒன்றும் செய்யாதீர்கள். சீக்கிரம் படுக்கவும் வேண்டாம், தாமதமாக எழவும் வேண்டாம். ஒரு வாரத்தைத் தாண்டினால் நோட்டை எடுத்து ஏழு நாள் குறித்து, புதுச் சராசரியிலிருந்து படுக்கை நேரத்தைச் சுருக்குங்கள். இரண்டாம் முறை பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும். மனச்சோர்வு ஏற்கெனவே வந்து தீர்ந்தவர்கள், விடியற்கால விழிப்பு இரண்டு வாரம் தொடர்ந்தால், மனம் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் அந்த நோட்டோடு மருத்துவரைப் போய்ப் பார்க்க வேண்டும்.